சிரிக்காமல் வீடு வந்த பிணங்கள்

எங்கள் தருவைவிளை ஆம்பிளைகள் இருபது சொச்சம் பேர் செத்தது பனிமலையில். நல்ல சித்திரை வெயிலில், கம்பளிக்கோட்டும் காதை மூடுகிற தொப்பியும் போட்டுக்கொண்டு, ஒருத்தர் மேல் ஒருத்தர் சரிந்து, மத்தியானச் சோற்றுக்கு முன்னால் ஒரு தடவையும் சோற்றுக்குப் பின்னால் ஒரு தடவையும், வெளிச்சம் போதவில்லை என்று சொன்னதால் பொழுது சாய மறுபடியும் ஒரு தடவையும் செத்தார்கள். பனி என்றால் எங்களுக்கு மார்கழியில் முருங்கை இலை நுனியில் நிற்கிற ஈரம், அதுக்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆனால் சென்னையிலிருந்து வந்த டைரக்டர் உப்பளத்து வரப்பில் நின்று, வாரிக் குவித்திருந்த உப்பு அம்பாரங்களை, இரண்டு கை விரல்களையும் சதுரமாகக் கோத்து அதன் வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்து, இது உப்பே இல்லை, இமயமலை என்று சொல்லிவிட்டார். அவ்வளவு பெரிய மனுஷர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நாங்களும் அன்றைக்கு அம்பாரங்களைப் புதுசாகப் பார்த்தோம். பார்க்கப் பார்க்கக் கொஞ்சம் குளிர்கிற மாதிரிகூட இருந்தது.

படத்தின் கதை என்னவென்றால், நம் நாட்டுக் கமாண்டோ எட்டுப் பேர் எல்லை தாண்டி, எதிரியின் பனிமலைக்குள் ஒருத்தருக்கும் தெரியாமல் இறங்கி, எதிரியின் முகாமைத் தகர்த்து, அங்கே பிடிபட்டுக் கிடக்கிற ஒரு விஞ்ஞானியை மீட்டுக்கொண்டு திரும்புகிறார்கள். எட்டுப் பேரும் சென்னையிலிருந்தே வந்துவிட்டார்கள். சுடப்பட்டுச் சாகிற எதிரிப் பட்டாளத்துக்குத்தான் ஆள் வேண்டியிருந்தது. உப்பளத்துக் கங்காணி லிங்கத்துரை, பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்களில் திடமான ஆளாகப் பார்த்துத் தொட்டுத் தொட்டு வரப்பில் ஏறச் சொன்னார். எதிரிகள் சிவப்பாக இருப்பார்களாம், அதனால் வெயிலில் கருகிக் கிடந்த மூஞ்சிகளுக்கெல்லாம் மாவு பூசினார்கள். வியர்வையில் அந்த மாவு வழிந்து கோடு கோடாக இறங்க, கேமராக்காரர், அதுவும் பனியில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.

அந்தப் பட்டாளத்தில் தவசிமுத்து என்று ஒருத்தன். அதிகம் பேச மாட்டான், சிரித்தாலும் சத்தம் வராது, முதலில் தோள் இரண்டும் குலுங்கும், பிறகு கண்ணில் தண்ணீர் வரும், கடைசியாகத்தான் வாய் திறக்கும். அவன் பெண்சாதி சொர்ணபுஷ்பமும் அதே பாத்தியில்தான் உப்பு வாருகிறவள். இவனைச் சிரிக்க வைப்பதற்கென்றே அவள் ஏதாவது கோட்டாலை பண்ணிக்கொண்டிருப்பாள், கங்காணி நடக்கிற மாதிரி நடந்து காட்டுவாள், சர்ச்சில் பாடுகிற டீச்சரம்மா மாதிரி பாடிக் காட்டுவாள், அவன் தோள் குலுங்குகிறதா என்று ஓரக்கண்ணால் பார்ப்பாள். அவனைக் குப்புற விழுந்து சாகும்படி சொல்லியிருந்தார்கள். சோற்று நேரத்தில் தூக்குவாளியைக் கொடுத்துக்கொண்டே சொர்ணபுஷ்பம் சொன்னாள்: "குப்புற விழுந்தா யாருக்கு ஒங்களத் தெரியும்? விழுகும்போது மொகத்த மேல திருப்பிக்கிடுங்க. நாலு பேரு பாக்கட்டும்." அவனும் அடுத்த தடவை மல்லாக்க விழுந்தான், இரண்டு கையையும் விரித்து, வாயைக் கொஞ்சம் திறந்து, வானத்தைப் பார்த்த மாதிரி. டைரக்டர் எழுந்து நின்று கையைத் தட்டினார். கேமரா அவன் முகத்துக்குப் பக்கத்திலேயே வந்து, ஈ மொய்க்கிற தூரத்தில் நின்று அவனை எடுத்தது.

சினிமாக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவனை அப்படியே வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். நடித்து முடித்ததும் அவனை எழுப்பி, அதே கேமரா முன்னால் நிற்க வைத்து, சிரி என்று சொல்லி, அந்தச் சிரிப்பைப் படம் பிடித்து, பூசணிக்காய் சுற்றி உடைத்துத்தான் அனுப்புவார்கள். எந்தக் கண் அவனைச் செத்தவனாகப் பார்த்ததோ அந்தக் கண்ணே அவனை உயிரோடு பார்த்துவிட வேண்டும், அதுதான் கணக்கு. அந்தச் சிரிப்பைப் படத்தில் சேர்ப்பதில்லை, வெட்டித் தூரப் போட்டுவிடுவார்கள். எட்டுக் கமாண்டோவில் ஒருவர் நாட்டுக்காக உயிரை விடுகிற மாதிரி வரும், அவருக்கு அன்றைக்கே கற்பூரம் ஏற்றி, பூசணிக்காய் உடைத்து, அவரும் கேமராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்துவிட்டுக் கார் ஏறிப் போனார். எங்கள் ஆட்கள் எழுந்து கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, லைட் பிடிக்கிற கன்னியப்பன் என்கிற கிழவர் புரொடக்‌ஷன் மேனேஜரிடம் போய், செத்தவர்களைச் சிரிக்க வைக்காமல் அனுப்பாதீர்கள் ஐயா என்றார். மேனேஜருக்கு ஹீரோவை விமானத்தில் ஏற்றுகிற அவசரம். "கும்பல்ல செத்தவனுக்கெல்லாம் எங்கய்யா பூசணிக்கா உடைக்கிறது?" என்றார். "அதுவும் எதிரி."

கன்னியப்பன் போய் லைட்டை அணைத்தார். எங்கள் ஆட்கள் மூஞ்சி மாவைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள்.

படம் வந்த அன்றைக்கு ஊரே லாரி பிடித்து டவுன் தியேட்டருக்குப் போனோம். இடைவேளைக்குப் பிறகு பனிமலை வந்தது, எங்கள் அம்பாரங்கள் வந்தன, வரப்புகூடத் தெரிந்தது. கமாண்டோக்கள் வயிற்றால் ஊர்ந்து வந்து சுட ஆரம்பித்ததும், அதோ எங்க வீட்டுக்காரர், இதோ எங்கண்ணன் என்று பெண்கள் எழுந்து கத்தினார்கள். விசில் பறந்தது. தவசிமுத்து மல்லாக்க விழுந்து கிடந்த முகம் திரை முழுக்க, ஒரு வீட்டளவு பெரிசாக வந்து நின்றது. சொர்ணபுஷ்பம் பெருமை தாங்காமல் பக்கத்தில் இருந்தவன் தொடையைத் தட்டினாள். தொடை சும்மா கிடந்தது. திரும்பிப் பார்த்தால் அவன் சீட்டில் சாய்ந்து, கை விரிந்து, வாய் கொஞ்சம் திறந்து, திரையில் எப்படியோ அப்படியே கிடந்தான். மூக்கில் விரலை வைத்துப் பார்த்தாள், காற்று இல்லை. வரிசையில் எங்கள் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் கிடந்தார்கள். அந்தக் கட்டம் முடிந்து கமாண்டோக்கள் அடுத்த மலைக்குப் போனதும் எல்லோரும் எழுந்து உட்கார்ந்து, படம் எங்கே நிற்கிறது என்று கேட்டார்கள்.

மறுநாள் காலைக்காட்சிக்குப் பாத்தியில் விழுந்தார்கள். மத்தியானக் காட்சிக்கு விழுந்தார்கள். சாயங்காலக் காட்சிக்கு டீக்கடையில், கிளாஸைக் கையில் பிடித்தபடி விழுந்தார்கள். குப்புறச் செத்தவர்களுக்கு ஒன்றும் இல்லை, அவர்கள் நல்லபடியாக உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். முகம் தெரியச் செத்தவர்கள்தான் விழுந்தார்கள். அதைக் கண்டுபிடித்த அன்றைக்கு சொர்ணபுஷ்பம் சோறு பொங்கவில்லை. தூக்குவாளி கொடுத்துக்கொண்டே தான் சொன்ன சொல் அது. அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது அவளுக்கு இன்னும் மோசமாக இருந்தது.

ஊர் என்ன செய்யும்? முதலில் டாக்டரிடம் காட்டினார்கள், அவர் காட்சி இல்லாத நேரத்தில் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். சாமியாடி ஒருத்தர் திருநீறு போட்டார், போதகர் ஒருத்தர் ஜெபம் பண்ணினார். அதற்குப் பிறகு ஊர் அதற்குத் தக்கபடி வாழப் பழகிக்கொண்டது. எல்லாத் தியேட்டரிலும் காட்சி நேரம் ஒன்றுதானே, அதனால் அந்த நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே பெண்கள் ஆளுக்கொரு ஓலைப்பாயைக் கொண்டுபோய் வரப்பில் விரித்துவிடுவார்கள், இவர்களும் உப்பு வாருகிற பலகையைச் சாய்த்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார்கள். சீட்டு விளையாடுகிறவர்கள், "செத்துட்டு வாரேன், என் கைய யாரும் பாக்காதிய" என்று சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாவார்கள். கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறிக்கிறவர் பஞ்சாங்கத்தோடு சினிமா நோட்டீஸையும் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தார். கங்காணி லிங்கத்துரை, செத்த நேரத்துக்குக் கூலி கிடையாது என்றார், அதுவும் இரண்டே நாளில் நியாயம் மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து ஊர்க்காரர்கள் எங்கள் ஆட்களைப் பார்த்தால் கையைத் துப்பாக்கி மாதிரி நீட்டி, "என்ன எதிரி, எப்பம் எந்திச்சே?" என்று கேட்பார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், எதிரி மாமா என்றே கூப்பிட்டுப் பழகின.

எப்போது படம் தியேட்டரை விட்டுப் போகும் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காத்திருந்தார்கள். சொர்ணபுஷ்பம் படம் ஊத்திக்கொள்ள வேண்டும் என்று நேர்ச்சை வைத்தாள். படம் வெள்ளிவிழா கொண்டாடியது.

கடைசியில் தியேட்டரை விட்டுப் போகத்தான் செய்தது. ஒரு மழைக்காலம் முழுக்க எங்கள் ஆட்கள் எழுந்தே நின்றார்கள். சுதந்திர தினத்துக்கு டிவியில் போட்டார்கள், அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றும்போது எல்லோரும் வரிசையாக விழுந்தார்கள், ஹெட்மாஸ்டர், பாருங்கள், நம் எதிரிகள் நம் கொடிக்கு முன்னால் விழுகிறார்கள் என்று பேச, கூட்டம் கை தட்டியது. அதையும் பொறுத்துக்கொண்டார்கள், வருஷத்துக்கு ஒரு நாள்தானே என்று. ஆனால் அதற்குள் ஆளுக்கொரு செல்போன் வந்துவிட்டது. யாரோ புண்ணியவான் அந்தச் சண்டைக் கட்டத்தை மட்டும் நறுக்கி எடுத்து, அடியில் நாட்டுப்பற்றுப் பாட்டு ஒன்றைச் சேர்த்து அனுப்ப, அது ஊர் ஊராகப் பரவிக்கொண்டே போனது. பஸ்ஸுக்கு நிற்கிறவன் பார்த்தான், கக்கூஸில் உட்கார்ந்தவன் பார்த்தான், தூக்கம் வராதவன் பார்த்தான். இனிமேல் காலைக்காட்சி, மத்தியானக் காட்சி என்ற கணக்கெல்லாம் இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போது விழுந்தார்கள், எழுந்தார்கள், கை கழுவும்போது விழுந்தார்கள். தவசிமுத்து ஒரு தடவை வெயிலில் காய்ந்த உப்புத்தண்ணிப் பாத்தியில் முகத்தோடு விழுந்து, கண் இரண்டும் வெந்து, மூன்று வாரம் துணி கட்டிக் கிடந்தான். கெட்ட வேளை பாருங்கள், எங்கள் ஊர்ப் பிள்ளைகளே அதைப் பார்த்தன. நாங்களும் பார்த்தோம். நம்ம ஊர், நம்ம ஆள் என்று ஒரு ஆசை, விருந்தாளி வந்தால் எடுத்துக் காட்டத் தோன்றுகிறது. காட்டிவிட்டு, ஐயோ அவன் எங்கே நிற்கிறானோ என்று நாக்கைக் கடித்துக்கொள்வோம்.

அப்படி ஒரு நாள் செல்லையா மெயின் ரோட்டில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவன் விழுந்தான், பின்னால் வந்த உப்பு லாரி அவன் மேல் ஏறிவிட்டது. ரத்தத்தைத் துடைத்துக் கிடத்தினோம். ஆனால் யாரும் அழவில்லை, குழி வெட்டவும் ஆள் போகவில்லை. எழுந்துவிடுவான் என்று உட்கார்ந்திருந்தோம். அவன் பெண்சாதி விசிறிக்கொண்டே இருந்தாள். மறுநாளும் இருந்தோம். நாற்றம் எடுத்த பிறகுதான், இது வேறு சாவு என்று தெரிந்து ஒரு கிழவி முதல் குரல் எடுத்தாள்.

குழியை மூடிவிட்டு வந்த அன்றைக்கே சொர்ணபுஷ்பம் தவசிமுத்துவின் இடுப்பையும் தன் இடுப்பையும் ஒரு துண்டால் சேர்த்துக் கட்டினாள். இதுவரைக்கும் கூலி போகிறதே என்றும் கேலி பண்ணுகிறார்களே என்றும் இருந்தவள், இனிமேல் ஒன்றே ஒன்றைத்தான் நினைத்தாள்: அடுத்த லாரி இவனுக்கு வருமுன்னால் இவனைச் சிரிக்க வைத்தாக வேண்டும். அந்தக் கேமரா முன்னால், அந்த டைரக்டர் எதிரில். கன்னியப்பன் சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது.

கட்டின துண்டோடு சென்னைக்கு ரயில் ஏறினார்கள். எதிர்சீட்டில் ஒரு நல்ல மனுஷர், வெள்ளை வேட்டி, வெற்றிலைப் பெட்டி, இவர்களுக்கு முறுக்கெல்லாம் கொடுத்தார். கொடுத்துவிட்டு செல்போனை எடுத்தார். பாட்டுச் சத்தம் கேட்டதுமே சொர்ணபுஷ்பம் புருஷனை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"என்னம்மா, வலிப்பா?" என்றார் அவர்.

"வலிப்பு இல்ல அண்ணாச்சி. நீங்க பாக்கியள்லா, அதுல சாகுதது இவியதான்."

அவர் போனையும் பார்த்தார், மடியையும் பார்த்தார். அட ஆமா என்று சொல்லி, சரிதானா என்று உறுதி பண்ண இன்னொரு தடவை ஓட்டினார். பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர்களும் ஆளுக்கு ஒரு போனை எடுத்து, ஓட்டிப் பார்த்து, மடியைப் பார்த்து, நிறுத்தி, எழுகிறானா என்று பார்த்து, மறுபடி ஓட்டினார்கள். அடுத்த பெட்டியிலிருந்தும் ஆள் வந்தது. விருதுநகர் தாண்டி, மதுரை தாண்டி, திண்டுக்கல் தாண்டியும் தவசிமுத்து செத்துச் செத்து எழுந்துகொண்டு வந்தான். ஒரு ஸ்டேஷன் வரைக்குமாவது நிப்பாட்டுங்கய்யா, தண்ணி குடிக்கட்டும் என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். முறுக்குக் கொடுத்த மனுஷருக்கு முகம் மாறிப்போயிற்று.

"எதிரி சாகுறதைப் பாக்கக் கூடாதுன்னு சொல்றியே," என்றார், "நீ எந்த நாட்டுப் பொம்பள?"

அவள் தருவைவிளை என்றாள். அது எங்கே இருக்கிறது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

டைரக்டர் இப்போது இன்னும் பெரிய ஆள் ஆகியிருந்தார். வாசலில் காக்க வைத்தார்கள், பிறகு உள்ளே விட்டார்கள். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், செல்லையாவையும் சொன்னாள். அவர் நம்பாமல் ஒன்றும் இல்லை. எழுந்து வந்து பெரிய டிவியில் அந்தக் கட்டத்தைப் போட்டு, தவசிமுத்து கம்பளத்தில் விழுந்ததும் அவனைச் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து ஒரு பக்கம் பார்த்து, மண்டியிட்டு இன்னொரு பக்கம் பார்த்து, எந்த நடிகனும் தனக்கு இப்படி ஒரு சாவைத் தந்ததில்லை என்று சொன்னபோது அவர் கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது. பிறகு அவள் பக்கம் திரும்பி, கவலைப்படாதேம்மா, இரண்டாம் பாகம் எடுக்கத்தான் போகிறேன், அதே கேமராவைக் கொண்டுவருகிறேன், அத்தனை பேரையும் சிரிக்க வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை என்றார். அவர் காலில் விழப் போனவளை, துண்டு கட்டியிருந்ததால், செத்துக் கிடந்த புருஷன் இழுத்து நிறுத்தினான்.

சொன்னபடியே வந்தார். அதே கேமரா, அதே அம்பாரங்கள், வண்டி நிறையப் பூசணிக்காய். கன்னியப்பனை மட்டும் காணவில்லை. கேட்டதற்கு, அவர் தவறிப்போய் ஒரு வருஷம் ஆகிறது என்றார்கள். கம்பளிக்கோட்டைக் கொடுத்து, செத்த உடுப்பிலேயே சிரித்தால்தான் கழியும் என்றார்கள், அதுவும் நியாயமாகத்தான் பட்டது. எங்கள் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். சிரிங்கய்யா என்றார் மேனேஜர்.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பல்லைக் காட்டினார்கள், அழப்போகிற மாதிரி இருந்தது. ஒருத்தன் கனைத்தான். மேனேஜர் என்னவோ ஜோக்கெல்லாம் சொன்னார், அது சென்னை ஜோக்கு. பொழுது சாய ஆரம்பித்தது. டைரக்டர் வாட்சைப் பார்த்தார். அப்போதுதான் சொர்ணபுஷ்பம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கேமராவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இங்க பாருங்க எல்லாரும்," என்றாள், "நீங்க எப்பிடிச் சாகுதிய தெரியுமா?"

சொல்லிவிட்டு விழுந்து காட்டினாள். டீக்கிளாஸைப் பிடித்தபடியே சாகிறவன் எப்படி விழுவான் என்று காட்டினாள், ஒரு சொட்டு சிந்தாமல். கோவணம் கட்டும்போது பாதியில் செத்தவனைக் காட்டினாள். கங்காணியிடம் கடன் கேட்டுத் தலையைச் சொறிந்தபடி செத்தவனைக் காட்டினாள், அவன் செத்ததும் கங்காணி, இவன் நடிக்கிறானோ என்று காலால் தொட்டுப் பார்த்ததையும் காட்டினாள். கல்யாண வீட்டில் மொய் எழுதும் நேரமாகப் பார்த்துச் செத்தவனைக் காட்டினாள். உப்பில் புரண்டு, எழுந்து, மறுபடி விழுந்து, தலையெல்லாம் வெள்ளையாக நின்று, கடைசியாகத் தவசிமுத்துவைக் காட்டினாள்: அவளோடு சண்டை போட்டு, ஒரு சொல் சொல்ல வாயைத் திறக்கவும், அந்தச் சொல் வெளியே வருமுன் மல்லாக்க விழுந்து, எழுந்த பிறகு என்ன சொல்ல வந்தோம் என்று மறந்துபோய் முழித்ததை. "அன்னைக்கி மட்டும் எவனோ போன எடுத்தான், நான் ஜெயிச்சேன்."

தவசிமுத்துவின் தோள் இரண்டும் குலுங்கின. கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு வாய் திறந்தது. அவனைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவன், அவனைப் பார்த்து அடுத்தவன் என்று வரிசை முழுக்கப் பற்றிக்கொண்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், உப்பில் உட்கார்ந்து சிரித்தார்கள், பார்த்துக்கொண்டிருந்த நாங்களும் சிரித்தோம். இத்தனை வருஷத்து வேதனையும் அன்றைக்கு எங்களுக்கு வேடிக்கையாகிப் போயிற்று. டைரக்டர் கேமராவைத் தரையோடு தரையாக வைத்து எடுத்தார், மேலே ஏற்றி எடுத்தார், ஒவ்வொரு முகமாகக் கிட்டத்தில் போய் எடுத்தார், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றார். எவ்வளவு பொறுப்பாகச் செய்கிறார் பார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். ஆளுக்கு ஒரு பூசணிக்காய் உடைத்தார்.

அன்று சாயங்காலமே எல்லோரும் கூடி நின்று, பயந்து பயந்து, ஒரு போனில் அந்தக் கட்டத்தை ஓட்டிப் பார்த்தோம். திரையில் விழுந்தார்கள். இங்கே நின்றார்கள். இன்னொரு தடவை ஓட்டினோம், நின்றார்கள். சொர்ணபுஷ்பம் இடுப்புத் துண்டை அவிழ்த்து உப்புத்தண்ணியில் வீசினாள். தவசிமுத்து பலகையை எடுத்துக்கொண்டு தனியாக, ஒருத்தர் கையும் பிடிக்காமல், பாத்தியின் அந்த மூலை வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தான். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஒரு வருஷம் நல்ல வருஷம். அதை நாங்கள் இல்லையென்று சொல்ல மாட்டோம்.

பிறகு இரண்டாம் பாகம் வந்தது. நாங்கள் யாரும் போகவில்லை, நமக்கு அதில் என்ன என்று இருந்துவிட்டோம். படம் வந்த அன்றைக்குக் காலையில் சொர்ணபுஷ்பம் உப்பு வாரிக்கொண்டிருக்க, பின்னால் தவசிமுத்து சிரித்தான். என்ன என்று திரும்பிப் பார்த்தாள். தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது, வாய் திறந்தது. தூரத்துப் பாத்திகளிலும் சிரிப்புக் கேட்டது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, என்னங்க, என்னன்னு சொல்லிட்டுச் சிரிங்க என்று கேட்டாள். அவனால் சொல்ல முடியவில்லை. கையை மட்டும் இல்லை இல்லை என்று ஆட்டினான்.

டவுனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள். கமாண்டோ ஒருவரை எதிரிகள் பிடித்து, பனியில் கட்டிப் போட்டு, நகத்தைப் பிடுங்குகிறார்கள். அவர் வலி தாங்காமல் அம்மா என்று அலறுகிறார். அதைப் பார்த்துச் சுற்றி நின்ற எதிரிகள் சிரிக்கிறார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பனியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்கள். இப்படி மனசாட்சி இல்லாத சிரிப்பை யாருமே படத்தில் பார்த்ததில்லை என்று பேப்பரில் எழுதியிருந்ததாம். தியேட்டரில் ஜனங்கள் திரையில் செருப்பை வீசினார்களாம்.

இந்தப் படம் முதல் படத்தைவிட ஓடியது. அந்தச் சிரிப்பையும் நறுக்கி எடுத்து போன் போனாக அனுப்பினார்கள்.

இதற்கும் ஊர் பழகிக்கொண்டது, சொல்லப்போனால் இதற்குச் சீக்கிரமே பழகிக்கொண்டது. சிரிப்பதால் யாரும் சைக்கிளிலிருந்து விழுவதில்லை. சிரித்துக்கொண்டே உப்பு வாரலாம், அதனால் கங்காணிக்கு நஷ்டம் இல்லை. துஷ்டி வீட்டுக்கு மட்டும் அவர்களை விடுவதில்லை, தெருமுனையிலேயே நின்று துக்கம் கேட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள். செல்லையாவின் பெண்சாதி அவர்கள் எதிரில் வந்தால் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவாள். கன்னியப்பன் இருந்திருந்தால் ஏதாவது வழி சொல்லியிருப்பாரோ என்னவோ. டைரக்டரிடம் மறுபடியும் போகலாம் என்று ஒருத்தர் பேச்செடுத்தார். போய் என்ன கேட்பது? சாவைக் கழிக்கச் சிரிப்பு இருந்தது. சிரிப்பைக் கழிக்க என்ன இருக்கிறது, அழ வைத்து எடுக்கச் சொல்வதா, எடுத்தால் அதைக் கொண்டுபோய் எங்கே சேர்ப்பாரோ என்று அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டோம்.

சொர்ணபுஷ்பம் எங்கேயும் போகவில்லை. ஆள் உயிரோடு இருக்கிறான், தன் காலில் நடக்கிறான், அவள் கேட்டது அதுதானே.

போன ஆடியில் ஒரு நாள், இரண்டு பேரும் வேலை விட்டு வரப்பில் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். காற்று சுழற்றிச் சுழற்றி அடித்தது. முன்னால் போன சொர்ணபுஷ்பத்தின் காலடியில் வரப்பு இளகிப்போய், தூக்குவாளி ஒரு பக்கம் பறக்க, அவள் சேறும் உப்புமாகப் பாத்திக்குள் சறுக்கி, உட்கார்ந்த வாக்கில் போய் நின்றாள். தலையில் வைத்திருந்த சும்மாடு மட்டும் அப்படியே தலையில் இருந்தது. மேலே வரப்பில் தவசிமுத்துவின் தோள் குலுங்குவது தெரிந்தது. எழுந்திருக்காமல், சேற்றில் இருந்தபடியே அவன் முகத்தைப் பார்த்தாள், கண்ணில் தண்ணீர் வருவதைப் பார்த்தாள், வாய் திறப்பதைப் பார்த்தாள். ஓய்கிற வரைக்கும் பொறுத்திருந்தாள்.

"இப்பம் சிரிச்சது நீங்கதான?" என்று கேட்டாள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், பொய் சொல்லத் தெரியாத ஆள்.

"எனக்கே தெரியலட்டி," என்றான்.

இறங்கி வந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டான். தூக்குவாளியைத் தேடி எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வீட்டுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு அவன் பக்கத்தில் இருக்கும்போதெல்லாம் சொர்ணபுஷ்பம் வரப்பைப் பார்த்துப் பார்த்து, வழுக்கிவிடாமல் கவனமாக நடக்கிறாள்.